பதினாலாவது அத்தியாயம்

"பெட்டியக் கட்டிட்டு நிக்கறியே, ஒரு வார்த்தை சொன்னியா?"

நாவலாசிரியர் போட்ட சத்தத்தில் மாடிவீட்டுக்காரர் சமாதானம் பேச இறங்கி வந்துவிட்டார். வேடிக்கை பார்க்க வந்தார் என்றால் கோபித்துக்கொள்வார்.

"போன வருஷமே சொல்லிட்டேன்," என்றாள் மனைவி.

நாவலாசிரியருக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. சொந்தச் செலவில் ஒன்பது நாவல் போட்டவர். தன் கதாநாயகிகள் பெருமூச்சு விட்ட இடமெல்லாம் ஞாபகம் இருக்கிறது, இவள் சொன்னது மட்டும் எப்படி மறக்கும்?

"புளுகறா சார்!"

"விடும்மா," என்றார் மாடிவீட்டுக்காரர். "உருகி உருகி எழுதற மனுஷன். போன நாவலை ஒரு வரி விடாம படிச்சேன்."

"பதினாலாவது அத்தியாயமும் படிச்சீங்களாண்ணா?"

"அதுலதாம்மா அழுதே போயிட்டேன்!"

அவள் அந்த நாவலை எடுத்துப் பிரித்துக் கணவனிடம் நீட்டினாள். அவர் எழுதியதை எப்போதும் டைப் அடித்துக் கொடுப்பவள், அந்த அத்தியாயத்தின் நடுவே தானாக நாலு வரி சேர்த்திருந்தாள்:

'இது கதையில்லை. உங்கள் மனைவி பேசுகிறேன். ஒரு வருஷத்துக்குள் இதைப் படித்துவிட்டு ஏன் என்று கேட்டால் இருப்பேன். கேட்காவிட்டால் போய்விடுவேன்.'

முந்நூறு பிரதியிலும் அப்படியே அச்சாகியிருந்தது.

அவள் தன் அக்காவின் ஊருக்கே போய்விட்டாள். மாடிவீட்டுக்காரர் முகம் காட்ட முடியாமல் அடுத்த மாதமே வீடு மாறினார். நாவலாசிரியர் மட்டும் அங்கேயே இருக்கிறார், பத்தாவது நாவலுக்கு டைப் அடிக்க ஆள் தேடிக்கொண்டு.