வத்சலாவோடு மட்டும் வேண்டாம்

“யாரோட ரூம்ல வேணும்னாலும் போடு ராஜி. வத்சலாவோட மட்டும் வேண்டாம். போட்டா நான் ஆர்மீனியாவுக்கே வரலை!”

போனில் கறாராகச் சொல்லிவிட்டாள் சுஜாதா.

ஜனக்புரி தமிழ்ப் பெண்கள் குழு எங்கே சுற்றுலா போனாலும் ஏற்பாடெல்லாம் ராஜியின் தலையில்தான். எந்த மலையில் எந்தப் பழைய மடாலயம், எந்த ஊரில் கிராமிய நடனம், எங்கே சைவச் சாப்பாடு என்பதையெல்லாம் ஒரே மாலையில் முடித்துவிட்டாள். யார் யாரோடு தங்குவது என்பதில்தான் ஒரு வாரமாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறாள்.

வத்சலாவின் குறட்டை அவ்வளவு பிரசித்தம். போன வருடம் நேபாளத்தில் அவளுக்கும் சுஜாதாவுக்கும் ஒரே அறை. திரும்பி வந்ததிலிருந்து, “ராத்திரி பூரா புல்டோசர்தான்!” என்று சுஜாதா பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லி, நடித்தும் காட்டுவாள். ராஜியும் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறாள்.

மற்றவர்கள் ஏற்கெனவே ஜோடி சேர்ந்துவிட்டார்கள். சுஜாதாவைத் தன்னோடு போட்டுக்கொண்டு, வத்சலாவுக்குத் தனி அறை ஒதுக்கினாள் ராஜி. பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தால், சாயங்காலம் வத்சலா வீட்டுக்கே வந்து நின்றாள்.

“எனக்குத் தனி ரூம் வேண்டாம் ராஜி. சுஜாதாவோடவே போட்டுடு.”

ராஜிக்கு எரிச்சலாக வந்தது.

“அக்கா, அவ உங்களை ஊர் பூரா கேலி பண்றா. திரும்பவும் அவகூடத்தான் தங்கணுமா? கொஞ்சமாவது ரோஷம் வேண்டாம்?”

வத்சலா தயங்கினாள்.

“யார்கிட்டயும் சொல்லக் கூடாது.”

“அச்சா, சொல்லுங்க.”

“குறட்டை விடறது நான் இல்லை. அவதான்.”

“என்னது!”

“நேபாளத்தில, போக்ராவில தங்கின மறுநாள் காலையில பக்கத்து ரூம்காரர் வந்து, ‘உங்க ரெண்டு பேர்ல யாரும்மா அப்படிக் குறட்டை விட்டது?’ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டுட்டார். தானா இருக்குமோன்னு சுஜாதா முகம் வெளுத்துப்போச்சு. புருஷன் போனப்புறம் அவ வீட்டை விட்டு வெளியில வந்ததே அப்பதான். பாவமா இருந்துது. ‘நான்தான்’னு சொல்லிட்டேன். அவளும் நம்பிட்டா. மத்தியானத்துக்குள்ள, ராத்திரி பொட்டுத் தூக்கமில்லைன்னு புலம்பவும் ஆரம்பிச்சுட்டா!”

வத்சலா சிரித்தாள். ராஜிக்குச் சிரிப்பு வரவில்லை. வெட்கமாக இருந்தது.

“இப்ப வேற யாராவது கூடத் தங்கினா உண்மை தெரிஞ்சுடும் ராஜி. அப்புறம் அவ வாசல் தாண்ட மாட்டா.”

வத்சலா போனதும் ராஜி மொபைலை எடுத்தாள். சுஜாதாவுக்குத் தனியாக அல்ல, குழுவில் எல்லாரும் பார்க்கும்படியே வாட்ஸ்அப்பில் எழுதினாள்.

“சுஜாதா, நீ என் ரூம். அப்புறம் சண்டைக்கு வராதே, இப்பவே சொல்லிடறேன். எனக்கும் குறட்டை உண்டு. வத்சலா அக்காவெல்லாம் என்கிட்ட பிச்சை வாங்கணும்.”

பதில் உடனே வந்தது.

“ஐயோ, ஆளை விடும்மா! வத்சலாவே தேவலை. அது பழகின குறட்டை.”