அஞ்சு நிமிஷம் தனியாக

"இன்னா டாக்டர் இது? ஆளை அறுத்துப் போட்டுட்டு எல்லாரும் வெளியில வந்துடுவீங்களா?"

அப்பாதுரை போட்ட சத்தத்தில் ஆபரேஷன் தியேட்டர் வராந்தாவே திரும்பிப் பார்த்தது. டாக்டர் பிரியதர்ஷினிக்குத் தலை வலித்தது. இதே விஷயத்தை நாலாவது முறையாகச் சொல்கிறாள்.

"மார்புல இருக்கிற கட்டியை எடுத்ததும், அந்த இடத்துலயே கரண்டு, அதான் கதிர் சிகிச்சை, வெச்சிடுவோம். அந்தக் கதிர் எங்க மேல படக்கூடாதுன்னு அஞ்சு நிமிஷம் வெளியில நிப்போம். கேமரால பார்த்துக்கிட்டேதாங்க இருப்போம்."

"கேமராவா? தறிக்குத் தெருவுல பாவு நூலை நீட்டிக் கஞ்சி போட்டா, காயற வரைக்கும் ஒருத்தன்கூட நகர மாட்டோம் நாங்க. அது வெறும் நூலு! இவ மனுஷிம்மா!"

ஸ்ட்ரெச்சரில் பச்சை கவுனோடு படுத்திருந்த அவன் மனைவி இந்திராணி கண்ணை மூடிக்கொண்டாள். அவள் காலையிலேயே கையெழுத்துப் போட்டாயிற்று. வீட்டுக்காரர் கையெழுத்துதான் பாக்கி.

"இன்னிக்கு விட்டா அடுத்த தேதிக்கு மூணு வாரம் ஆகும். அதுவரைக்கும் கட்டி சும்மா இருக்குமா?"

"ஆபரேஷன் பண்ணுங்க. இந்தக் கரண்டு மட்டும் வேணாம்."

"அப்போ ஆறு வாரம் தினமும் வந்து வெச்சுக்கணும். யார் கூட்டிட்டு வருவாங்க?"

"நான் கூட்டினு வரேன்! ஒரு நாள் தப்பாம வரேன். தனியா மட்டும் வுடாதீங்க. நடுவுல கண்ணு முழிச்சா யாரைத் தேடுவா?"

மயக்க மருந்தில் கிடப்பவள் எப்படி ஐயா கண் விழிப்பாள்? பிரியதர்ஷினி பேனாவை மேசையில் போட்டாள்.

நர்ஸ் இளவரசிதான் உருகிப் போனாள். "எனக்கு ஜுரம் வந்தா எங்க வீட்டுக்காரரு ஒரு மாத்திரை வாங்கித் தர மாட்டாரு. நீங்க குடுத்து வெச்சவங்கக்கா" என்றாள்.

இந்திராணி கண்ணைத் திறந்தாள். முழங்கையை ஊன்றி எழுந்து, டாக்டரிடமிருந்து சம்மதப் படிவத்தை வாங்கி அப்பாதுரையின் கையில் திணித்தாள்.

"பேசாம கையெழுத்துப் போடுய்யா!"

பிறகு நர்ஸிடம் திரும்பினாள்.

"வாலாஜாபாத்ல வேற ஒருத்தியோட பதினோரு வருஷம் குடும்பம் நடத்திட்டு, சேதி கேட்டு நேத்து சாயந்தரம்தாம்மா வந்தாரு. அத்தனை வருஷம் தனியா கெடந்தவளுக்கு அஞ்சு நிமிஷம் இருக்கத் தெரியாதா?"