வாசலில் நின்ற காகிதம்

கல்குவாரி மேட்டில் தினமும் ஏறி இறங்கும் இரண்டு பைக்குகளுக்கு ஒரே நாளில் ஏர் ஃபில்டர் மாற்றினார்கள். கறுப்பு பைக்குக்குப் பளபளக்கும் கம்பி வலை ஃபில்டர். நீல பைக்குக்கு மடிப்பு மடிப்பான சாதாரணக் காகித ஃபில்டர்.

"நம்ம ஆளு யாரையும் தடுக்கறதில்ல. காத்து அள்ளிக்கிட்டு வருது" என்று உறுமியது கறுப்பு இன்ஜின். கொஞ்ச காலம் மேட்டில் அதுதான் முன்னால் போனது.

நீல இன்ஜினுக்குப் பொறுக்கவில்லை. "நீயும் கொஞ்சம் விட்டுக் குடுத்தா என்ன?" என்று தன் ஃபில்டரிடம் எரிந்து விழுந்தது.

"காத்தை விட்டுக்கிட்டுதான் இருக்கேன். கூட வர்ற கல்லுத் தூசியைத்தான் பிடிச்சு வெச்சிருக்கேன்" என்றது ஃபில்டர். "நான் அடைச்சுப் போனதும் தரையில தட்டித் திரும்ப மாட்ட விடாதே. வேற ஆளைப் போடச் சொல்லு."

அப்படியே அது கறுத்து அடைத்ததும் கழற்றி, மேட்டடியில் இருந்த ஒர்க்‌ஷாப்பின் குப்பைத் தொட்டியில் போட்டார்கள். நீல பைக்குக்கு இன்னொரு காகித ஃபில்டர் வந்தது.

மழைக்காலம் வருவதற்குள் கறுப்பு இன்ஜின் உள்ளே தேய்ந்துவிட்டது. ஒருநாள் பாதி மேட்டில் புகை தள்ளிக்கொண்டு நின்றது. "எல்லாரையும் உள்ள விட்டுட்டேன்" என்று முனகியது.

நீல பைக் அதைத் தாண்டி ஒரே மூச்சில் உச்சிக்கு ஏறியது.

கீழே குப்பைத் தொட்டியில் பழைய காகித ஃபில்டர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டது. பிறகு பக்கத்தில் கிடந்த ஸ்பார்க் பிளக்கிடம் சொன்னது:

"ஒரு இருமல்கூட இல்ல பாத்தியா? அது நம்ம இன்ஜின்."