கொம்பையாவின் தலையாட்டல்

அந்த ஆட்டு மந்தைக்குப் பெரிய கிடா கொம்பையா. பொட்டைக் குட்டிகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பலாமா என்று யார் கேட்டாலும், கேள்வி முடியும் முன்பே கூடாதென்று தலையை ஆட்டிவிடுவார். கிடாக்குட்டிகள் மட்டும் போய்வந்தன. அவர் மகன் கணக்குப் புத்தகத்தை அட்டையோடு தின்று மூன்றாம் வகுப்பை முடித்திருந்தான். கொம்பையாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

தம்பி மகள் செம்பியோ, மேய்கிற சாக்கில் பள்ளிக்கூட ஜன்னலடியில் நின்றே எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகிவிட்டாள்.

ஒருநாள் கொம்பையாவைக் குளிப்பாட்டி, மாலை போட்டு, கோயில் வாசலில் நிறுத்தினார்கள். எதிர்ச்சுவரில் ஒரு நோட்டீஸ்.

"அப்பாவுக்குப் பாராட்டு விழா போலிருக்கு. படிச்சுச் சொல்லுடா" என்றார்.

மகன் ஒரு மூலையைக் கிழித்து மென்று பார்த்தான். "ஆமாப்பா, பசை பிரமாதம்!"

மிச்சத்தைச் செம்பி படித்தாள். "ஐயோ பெரியப்பா, இது கிடாவெட்டு! மஞ்சத்தண்ணி ஊத்துவாங்க. நீங்க தலையை ஆட்டினா சாமி உத்தரவு குடுத்ததா அர்த்தமாம். ஆட்டலைன்னா அவுத்து விட்டுடுவாங்களாம். அடியில பொடி எழுத்துல போட்டிருக்கு."

சொல்லி வாய் மூடவில்லை, ஒரு குடம் மஞ்சள் தண்ணீர் அவர் தலையில் விழுந்தது. காதுக்குள் குறுகுறுவென்று இறங்கியது. போதாததற்கு மூக்கில் ஓர் ஈ வந்து உட்கார்ந்தது. கொம்பையா கல்லாகச் சமைந்து நின்றார். பூசாரி அரிவாளும் கையுமாக அவர் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

செம்பி மெல்ல அவர் காதருகே வந்தாள்.

"பெரியப்பா, நாளையிலேருந்து நம்ம பொட்டைக் குட்டிங்க எல்லாம் பள்ளிக்கூடம் போகட்டுமா? கூடாதுன்னா தலையை ஆட்டுங்க."