ஆறு மணி அழைப்பு

போரில் விமானத்தோடு காணாமல்போன சேவியரின் குரல், இருபத்திரண்டு வருடமாகத் தினமும் மாலை ஆறு மணிக்கு வீட்டுக்கு அழைக்கிறது. உடல் கிடைக்காத விமானிகளின் மனைவியரிடம் கணவன் குரலிலேயே ஓர் இயந்திரம் பேசும்படி அரசாங்கம் செய்துகொடுத்த ஏற்பாடு அது.

இன்று அதிகாரி சிறு பெட்டியோடு சேவியரின் மனைவி பிலோமினாவிடம் வந்தார். கடலடியில் கிடைத்த எலும்பு. சேவியருடையதுதான் என்று உறுதியாகிவிட்டது.

"கையெழுத்துப் போட்டீங்கன்னா நாளைக்கே அடக்கம் பண்ணிடலாம். ஆனா, அழைப்பு இன்னையோட நின்னுடும்மா."

கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவர்த்தி ஏற்ற இடமில்லாமலே இருந்துவிட்ட பிலோமினா கையெழுத்திட்டாள்.

ஆறு மணிக்குக் குரல் வந்தது. அதனிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "நாளைக்கு ஒரு அடக்கத்துக்குப் போறேன்" என்றாள்.

"யாரு, தெரிஞ்சவங்களா?"

"ம்."

"பாவம். என் பங்குக்கும் ஒரு மெழுகுவத்தி ஏத்திரு."