வெந்நீர்க் குளத்தின் கீழ்ப்படி

மிட்டாதார் திருஞானசம்பந்தம் பிள்ளைக்கு ராவ்பகதூர் பட்டத்தின் மேல் ஒரு கண். துரைமார் பங்களாவில் நீச்சல் குளம் உண்டு என்று யாரோ சொல்லப்போக, பாளையங்கோட்டை வீட்டுக் கொல்லையில் கருங்கல்லால் தாமும் ஒன்று கட்டிவிட்டார். அவருக்கு நீந்தத் தெரியாது. தலைப்பாகையோடு முதல் படியில் நின்று கணுக்காலை நனைத்துக்கொள்வார். கலெக்டர் கச்சேரியில் போய், நீந்திவிட்டு வருவதாகச் சொல்வார்.

வெந்நீர்தான் பெரும்பாடு. வேலையாள் முத்துமாலை பனைமட்டை எரித்துக் கொப்பரை கொப்பரையாகக் காய்ச்சி ஊற்றுவான். பத்தாவது கொப்பரை விழுவதற்குள் முதலாவது ஆறிப்போகும்.

"ஏலே, ஞாயித்துக்கெழமை கலெக்டர் துரை குளிக்க வாராரு. தண்ணி ஆறிக் கெடந்துதோ, உனக்கு இங்கன வேலை இல்லே, பாத்துக்கோ" என்றார் பிள்ளை.

சனிக்கிழமை முத்துமாலை வாய்க்கால் தண்ணீரை நிரப்பி வைத்தான். ஞாயிறு விடியலில் அடுப்பு மூட்டப் போனவன், குளத்தில் கையை விட்டுப் பார்த்தான். தண்ணீர் இதமாகச் சுட்டது. அடுப்பில் பழைய சாம்பல் குளிர்ந்து கிடந்தது. பனைமட்டைக் கட்டை அவிழ்க்காமல் ஓரமாகச் சாத்தினான். துரை முக்கால் மணி நேரம் ஊறினார்.

"எல்லாம் நம்ம யோசனை" என்றார் பிள்ளை.

மறுநாள் தண்ணீரை இறைத்துவிட்டுத் தேங்காய் நாரால் தேய்க்க இறங்கினான். கல்லெல்லாம் சில்லென்றிருந்தது. கீழ்ப்படியில் மட்டும் ஓர் ஆள் உட்காரும் அகலத்துக்கு வெதுவெதுப்பாக இருந்தது.

மிட்டாதாருக்குக்கூடக் காட்டாத மரியாதையோடு முத்துமாலை சொன்னான்: "இங்கன தேய்க்கணும். பைய மேல தள்ளி உக்காருங்களேன்."

சற்றுப் பொறுத்துத் தொட்டான். கீழ்ப்படி குளிர்ந்திருந்தது. அடுத்த படியில் கை வைத்தான், அது சுட்டது.