கை வைத்தால் அடங்கும்

மேசையில் கிடந்தபடியே கிட்டார் முனகியது. யாரும் அதை வாசிக்கவில்லை.

"ஏ புள்ள, தந்தில கையை வையி," என்றார் சங்கையா.

அவர் பெண்டாட்டி ராமுத்தாய் உள்ளங்கையை ஆறு தந்திகளின் மேலும் பரப்பி வைத்தாள். முனகல் அடங்கியது. கையை எடுத்தாள். மறுபடியும் கிளம்பியது.

காய்ச்சல்காரப் பிள்ளை மாதிரி அதற்கு எந்நேரமும் ஓர் ஆளின் கை வேண்டியிருந்தது. அவளுக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. மரமும் கம்பியுமாக இருக்கிற சாமானுக்கு மனுசக் கை எப்படித் தெரிகிறது?

சங்கையா சிவகாசியில் மைக்செட் போடுகிறவர். மதுரை மெல்லிசைக் குழு ஒன்று உடைந்துபோனதென்று ஒதுக்கிய மின்சாரக் கிட்டாரை வாங்கி வந்து, பசை போட்டு ஒட்டி, வீட்டு ரேடியோப் பெட்டியின் பின்னால் செருகி வாசித்தார். நன்றாகவே வாசித்தார். இரைச்சல்தான் கேட்க விடாது.

போன மாதம் அந்தக் குழுக்காரர் இவரைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று பார்க்க வந்து, வாசிப்பைக் கேட்டுவிட்டு, பக்கத்தில் மாவு மில்லும் ஓட்டுகிறீர்களா என்று விசாரித்துவிட்டுப் போனார். இன்று மத்தியானம் மறுபடி வருகிறார். இன்றைக்கும் இரைந்தால் அவ்வளவுதான். சாகிற வரைக்கும் ஒலிபெருக்கிக் குழாயைத் தூக்கிக்கொண்டு சடங்கு வீடு சடங்கு வீடாக அலைய வேண்டியதுதான்.

அவரும் சும்மா இருக்கவில்லை. வயரை மாற்றினார், வால்வை மாற்றினார், ரேடியோவை நாலு மூலைக்கும் நகர்த்திப் பார்த்தார். கடைசியில் ரேடியோ ரிப்பேர்க்காரர்தான், கோளாறு பெட்டியில் இல்லை, வீட்டில் எர்த் இல்லை, நல்ல செம்புக் கம்பியாகப் பார்த்து ஈரமண்ணில் புதையுங்கள் என்றார். செம்புக்கு எங்கே போவது? கட்டுக்கம்பியைப் புதைத்துப் பார்த்தார். முனகல் ஒரு பிசிறு குறையவில்லை.

முனகல் மேசைக்கால் வழியே தரைக்கும் இறங்கும். தரை அதிர்ந்தாலே ராமுத்தாய் வாசலுக்கு வந்து வானத்தில் புகை தெரிகிறதா என்று பார்ப்பாள். தூரத்தில் எங்காவது பட்டாசு ஷெட் வெடித்துப் போனால் முதலில் தரைதான் அதிரும். சத்தம் அதற்குப் பிறகுதான் வரும். இந்தப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு அது பாதத்திலேயே தெரியும்.

செம்புக் கம்பியைக் கொண்டுவந்தவன் கருத்தப்பாண்டி, அவளுடைய தம்பி. கரிசல்காட்டைத் தாண்டி இருக்கிற பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்குகிறவன். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் நிலைக்காலை ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் உள்ளே கால் வைப்பான். மருந்தறை ஆட்கள் எல்லோருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. கல்யாணத்தன்று மணமேடையையும் தட்டிவிட்டுத்தான் ஏறுவான் என்று சங்கையா அவனைக் கேலி பேசுவார்.

இன்று விடிந்ததும் கம்பியைச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டு வந்தான். எப்போதும்போல நிலைக்காலைத் தட்டினான்.

"சும்மா கெடந்த கம்பிதான் அத்தான். அதுல கரண்டே ஓடல."

அக்கா ஊற்றிய கூழைக் குடித்துவிட்டு, சீசன் ஆர்டர் குவிந்து கிடக்கிறது என்று சொல்லிக்கொண்டே வேலைக்கு ஓடினான்.

பாத்திரம் கழுவுகிற அங்கணத்துத் தண்ணீர் விழுகிற குழியில்தான் அந்த வீட்டில் எப்போதும் ஈரம் இருக்கும். சங்கையா அங்கே தோண்டி, கரியும் உப்பும் போட்டு, கம்பியின் ஒரு முனையைப் புதைத்தார். மறுமுனையை ரேடியோவின் பின்னால் முறுக்கினார். சுவிட்சைப் போட்டுவிட்டு, தந்தியிலிருந்து கையை எடுக்கச் சொன்னார்.

எடுத்தாள். முனகல் இல்லை.

சங்கையாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு தந்தியைச் சுண்டினார். சுத்தமான ஒலி எழுந்து, ஓடி, தானே ஓய்ந்தது. ராமுத்தாய்க்குத்தான் என்னவோ போல இருந்தது. ஆடிக்காற்று கூரையைத் தேய்ப்பது இப்போதுதான் கேட்டது. அவள் கையை எடுத்த இடத்தில், கண்ணுக்குத் தெரியாத வேறு யாரோ கை வைத்துக்கொண்டு நிற்பது போல் இருந்தது. அவளுக்குப் பயமாக இருந்தது.

பயத்தைக் காட்டிக்கொள்ளாமல் ரேடியோவின் பின்னால் நீட்டிக்கொண்டிருந்த கம்பியை ஒதுக்கப் போனாள். முனையில் ஒரு பித்தளை நட்டு கழற்றப்படாமல் கிடந்தது. அதன் மரைக்குள் சிவப்பாக ஏதோ அப்பியிருந்தது. துரு என்று நினைத்து நகத்தால் சுரண்டினாள். பொடியாக விரலில் ஒட்டியது.

குங்குமம்.

கல்யாணத்துக்கு முன் அவளும் அதே கம்பெனியில் பாக்கெட் ஒட்டினாள். மருந்தறை வாசலில் ஒரு பித்தளைத் தகடு உண்டு. வெள்ளிக்கிழமைதோறும் அதற்குக் குங்குமம் வைத்தது அவள்தான். ஆடிக்காற்றின் வறட்சியில் உடம்பில் ஏறுகிற மின்சாரம், அந்தத் தகட்டைத் தொட்டால் மண்ணுக்கு இறங்கிவிடும், பொறி எழாது என்று போர்மேன் சொல்லுவார். தகட்டைக் கும்பிட்டுத் தொட்டார்கள். அதன் பின்னால் சுவரோடு இறங்கி மண்ணுக்குள் போன கம்பியை யாரும் நினைத்ததே இல்லை.

தகடு இப்போதும் அங்கேயேதான் இருக்கும். அதன் பின்னால் கம்பி இருக்குமா? தொட்டுவிட்டுத்தான் எல்லோரும் உள்ளே போவார்கள். அதை மறக்காமல் தொடுகிறவன் கருத்தப்பாண்டி.

"இதை எங்கன அறுத்தான்னு கேட்டீகளா?"

சங்கையா கேட்டிருக்கவில்லை. அவள் வாசலுக்கு ஓடினாள்.

நிலையைத் தாண்டுவதற்குள் பின்னால் கிட்டார் ஒலித்தது. ஆறு தந்திகளும் ஒன்றாக, மெதுவாக, இரைச்சல் துளியும் இல்லாமல்.

திரும்பினாள். சங்கையா இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார், தான் தொடவில்லை என்று. அவர் முகத்தில் சந்தோஷம் இன்னும் அப்படியே இருந்தது.

அவள் பாதத்தின் கீழே தரை நடுங்கி ஓய்ந்தது.

சத்தம் இன்னும் வந்து சேரவில்லை.